சுவான்சோவில் முதல் நாட்கள்: சிரிக்காத ஊரா அது?

கேள்வி – 2025 மார்ச் 9

போன மாதம் ஐந்து நாள் சீனாவில் சுற்றினேன். இனிக் கூப்பிட்டாலும் போக மாட்டேன். கடையில் சிரித்த முகம் கிடையாது, வரிசை கிடையாது, சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுவது போல் சத்தம். குடிக்கத் தண்ணீர் கேட்டால் நாக்கு வெந்துபோகிற சூட்டில் தருகிறார்கள். எனக்கு மட்டும்தான் இப்படியா? நாளைக்குச் சுவான்சோ போவதாக இங்கே ஒருவர் எழுதியிருந்தார். போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

மார்ச் 10, இரவு

அது நான்தான். மாலையில் வந்து சேர்ந்தோம், நானும் மகளும்.

எங்கிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியை எல்லாரும் 'ஆ மா' என்போம். சுவான்சோ பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கல்யாணமாகி வந்தவர். அம்மா வேலைக்குப் போனதால் பள்ளிக்கூடம் விட்டதும் எனக்கு அவர் வீடுதான். அவர் பேசிய ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழி என் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அதனால் கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்குப் போகிற நினைப்புதான். மகளிடமும் அப்படித்தான் சொல்லிக் கூட்டி வந்தேன்.

ஷியாமென் வரை விமானம், அங்கிருந்து ரயில். ரயிலில் உட்கார்ந்த நேரத்தைவிட நிலையத்துக்குள் நுழைய ஆன நேரம் அதிகம். பையைச் சோதிக்கிறார்கள், ஆளைச் சோதிக்கிறார்கள், பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார்கள். பாஸ்போர்ட்தான் டிக்கெட், தனிச் சீட்டு கிடையாது. இதில் எங்கள் ஊர்த் தமிழர்களுக்கு மட்டும் தெரிந்த தலைவலி ஒன்று உண்டு: அப்பா பெயருக்கு முன்னால் வரும் 'ஏ/பி', அதாவது 'இன்னாரின் மகள்' என்பதன் மலாய்ச் சுருக்கம். டிக்கெட் எடுத்த செயலி அந்தச் சாய்கோட்டை ஏற்கவே இல்லை. கோட்டை எடுத்துவிட்டுப் பதிவு செய்தேன். உள்ளூர்க்காரர்கள் அட்டையை வைத்ததும் கதவு திறக்கிறது. நாம் ஓரத்தில் ஆள் நிற்கும் வழியில் போக வேண்டும். அங்கிருந்த பெண் பாஸ்போர்ட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வண்டி புறப்படச் சில நிமிடம் முன்பே கதவை மூடிவிடுவார்கள் என்று படித்திருந்ததால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கடைசியில் கையை அசைத்துப் போகச் சொன்னாள்.

தங்கும் இடம் பழைய நகரத்தில், மேற்குத் தெருப் பக்கம். தெருவில் இறங்கிய உடனே ஒரு ஸ்கூட்டர் என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. எல்லாம் மின்சார வண்டி, சத்தமே வராது. நடைபாதையிலும் வருகிறது, எதிர்த் திசையிலும் வருகிறது.

இன்றைய கணக்குக்குக் கேள்வி கேட்டவர் சொன்னது சரி. ஒருவரும் சிரிக்கவில்லை.

மார்ச் 11, காலை

தரை வியர்த்திருக்கிறது. குளியலறை மட்டுமல்ல, அறைத் தரை, சுவர், கண்ணாடி எல்லாம். குழாய் உடைந்துவிட்டது என்று கீழே போய்ச் சொன்னேன். வரவேற்பில் இருந்த பையன், இந்தப் பருவத்தில் தெற்கே எல்லா ஊரிலும் இப்படித்தான், கடல் பக்கமிருந்து ஈரக்காற்று வரும், சன்னலைச் சாத்தி வையுங்கள் என்றான். நேற்று துவைத்துப் போட்ட துணி போட்டபடியே இருக்கிறது.

அவனிடம் நான் ஹொக்கியனில்தான் பேசினேன். சீனாவின் பொது மொழியான மாண்டரினில் பதில் சொன்னான். மறுபடி ஹொக்கியனில் கேட்டேன். கொஞ்சம் வெட்கத்தோடு, "பாட்டி பேசினால் புரியும், எனக்குப் பேச வராது" என்று மாண்டரினிலேயே சொன்னான். என் மாண்டரின் அரைகுறை. ஆக, அந்த ஊர்ப் பையன் அந்த ஊர்ப் பேச்சுக்கு வேறு மொழியில் பதில் சொல்ல, பினாங்குத் தமிழச்சி திணறிக்கொண்டு நின்றாள். எனக்கு விழுந்த முதல் அடி சத்தமோ கூட்டமோ அல்ல, இதுதான்.

மார்ச் 11, இரவு

கழிவறை பற்றி யாரும் எழுதுவதில்லை. நான் எழுதுகிறேன், போகிற பெண்களுக்கு உதவும். பொதுக் கழிவறைகள் நிறைய இருக்கின்றன, பெரும்பாலும் சுத்தம். ஆனால் உட்காரும் முறை குந்துவதுதான், தண்ணீர்க் குழாய் கிடையாது, பல இடங்களில் காகிதமும் கிடையாது. பையில் காகிதம் ஒரு கட்டும் சின்னத் தண்ணீர்ப் புட்டி ஒன்றும் எப்போதும் இருக்கட்டும். தண்ணீர் இல்லாமல் நமக்கு முடியாது. இதில் எனக்குச் சமாதானம் ஏதும் இல்லை, கடைசி நாள் வரை இருக்காது.

மார்ச் 12

பணம். எங்கள் ஊர்ச் செயலியும் இங்கே செல்லும் என்றார்கள். பெரிய கடைகளில் சென்றது. தள்ளுவண்டியில் பழம் விற்ற அம்மா மாட்டியிருந்த QR அட்டையில் செல்லவில்லை. பின்னால் ஆள் சேர்ந்துவிட்டது. நான் 10 யுவான் தாளை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வண்டியை அப்படியே போட்டுவிட்டு, எதிர்க் கடைக்கு ஓடிச் சில்லறை மாற்றி வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, சிரிக்கவும் இல்லை. மீதியோடு இரண்டு கொய்யா கூடுதலாகப் பையில் போட்டார்.

கூகுள் வரைபடத்தை நம்பாதீர்கள். அது காட்டும் புள்ளி இரண்டு தெரு தள்ளி நிற்கிறது. அந்நாட்டு வரைபடங்களின் அளவு முறையே வேறு. உள்ளூர்ச் செயலியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸாப்பும் உள்ளூர் இணைப்பில் வராது. என் மலேசிய எண்ணில் ரோமிங் போட்டதால் எனக்கு வருகிறது.

மார்ச் 13

மேலே இரண்டு இடத்தில் சிரிக்கவில்லை என்று எழுதிவிட்டேன். அதைத் திருத்த வேண்டும்.

காலையில் மீசுவா கோ சாப்பிடப் போனோம். முடி போல மெல்லிய மாவு நூலைக் கூழாகக் கரைத்த உணவு. கண்ணாடிக்குப் பின்னால் தட்டுத் தட்டாகச் சிப்பி, இறால், முட்டை, குடல், இரத்தக் கட்டி எல்லாம் இருக்கும். எது வேண்டுமோ சுட்டிக்காட்டினால் கத்தரியால் வெட்டிப் போடுவார்கள். கடை முன் வரிசை என்று ஒன்றுமே இல்லை, தேன்கூடு மாதிரிக் கூட்டம். யாரோ என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கத்தினார். எனக்கு எரிச்சல் வந்தது. உள்ளே இருந்த அம்மா தலை நிமிராமல் கரண்டியால் என்னைக் காட்டி, "இவள் உனக்கு முன்னால் வந்தாள்" என்றார். ஹொக்கியனில். வரிசை இருந்திருக்கிறது, அவர் தலைக்குள். யார் எப்போது வந்தார்கள் என்று அத்தனை பேரையும் ஞாபகம் வைத்திருந்தார்.

நான் வாய் திறந்து, "போ சியா கூ" என்றேன். மாடு சாப்பிடுவதில்லை என்று அர்த்தம். சுவான்சோவில் மாட்டிறைச்சி சூப்பு பேர்போனது, கூழிலும் போட்டுவிடுவார்களோ என்ற பயம். அந்த அம்மாவின் கத்தரி அப்படியே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கடை முழுக்கக் கேட்கும்படி, "பாருங்கள், இந்தப் பெண் நம் பேச்சுப் பேசுகிறாள்!" என்று கத்தினார். அது சண்டைக் குரல் இல்லை. ஆ மா எங்களைச் சாப்பிடக் கூப்பிடும் குரல் அது. பினாங்கில் இருபது வருடம் கேட்ட குரல், இங்கே தெருவில் கேட்டபோது எனக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

முட்டை வேண்டும் என்று 'நூய்' கேட்டேன். "நுங்" என்று திருத்தினார். பினாங்கு ஹொக்கியனில் பக்கத்து ஊரான சாங்சோவின் உச்சரிப்புதான் அதிகம். ஆ மாவும் வந்த இடத்தில் மாற்றிக்கொண்டிருக்கிறார் போல. கூழ் 9 யுவான். மகள் இரண்டாவது கிண்ணம் வாங்கினாள்.

மார்ச் 13, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. இன்னொன்றும் திருத்த வேண்டும், அதை நான் இங்கே எழுதவே இல்லை, மகளிடம் மட்டும் புலம்பினேன். துணிக்கடையில் ஒரு பெண் ஒரு முழத்துக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். நாம் திருடுவோம் என்று நினைக்கிறாள் என்று சொல்லிக் கோபமாக வெளியே வந்துவிட்டேன். இன்று வேறொரு கடையில் பார்த்தேன்: எல்லா வாடிக்கையாளருக்குப் பின்னாலும் அப்படித்தான் ஒருத்தி போகிறாள். எடுத்துப் பார்த்த துணியைக் கையில் வாங்கி வைத்துக்கொள்கிறாள், அளவு தேடித் தருகிறாள். அவள் வேலையே அதுதான். நேற்றைய பெண்ணை நினைத்தால் மனது உறுத்துகிறது.

மார்ச் 14

கைய்யுவான் கோயில். கி.பி. 686-இல் தொடங்கிய பௌத்தக் கோயில். இரண்டு பக்கமும் இரண்டு கல் கோபுரங்கள், 13-ஆம் நூற்றாண்டில் கட்டியவை, 40 மீட்டருக்கும் மேல் உயரம். கூட்டம் முன்பக்கம் ஊதுவத்தியோடு நிற்கிறது. நான் நேராகப் பின்பக்கம் போனேன்.

பெரிய மண்டபத்தின் பின் தாழ்வாரத்தில் பதினாறு பட்டையுள்ள இரண்டு கருங்கல் தூண்கள். அவற்றில் வட்ட வட்டமாகச் சிற்பங்கள். ஒன்றில் நரசிம்மர் இரணியனை மடியில் போட்டிருக்கிறார். இன்னொன்றில் கண்ணன் மரத்தில், கீழே கோபியர். யானையை மீட்க வரும் பெருமாள். எல்லாம் உள்ளங்கை அகலம். கை விரல்கள் தேய்ந்திருக்கின்றன, ஆனால் முழங்கால் மடங்கிய விதத்தைப் பார்த்தாலே நம் ஊர்க் கல்தச்சு என்று தெரிகிறது. தொட அனுமதி இல்லை. முகத்தை அருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த ஊரில் இருந்த சிவன் கோயில் இடிந்த பிறகு, அதன் கற்களை எடுத்து இங்கே பொருத்தினார்கள். முன்பக்கத் தளத்தின் அடியிலும் மனித முகமும் சிங்க உடலுமாக 70-க்கும் மேல் சிற்பங்கள், அவையும் அங்கிருந்து வந்தவைதான்.

1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் இந்த ஊரில்தான் கிடைத்தது. சம்பந்தப் பெருமாள் என்ற பெயர் அதில் இருக்கிறது. கீழே சீன எழுத்தும் உண்டு. குப்லாய் கான் ஆண்ட காலம். மார்க்கோ போலோ சைத்தூன் என்று எழுதிய துறைமுகம் இதுதான். 2021-இல் யுனெஸ்கோ இந்த நகரத்தின் 22 இடங்களை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

நான் நிற்பதைப் பார்த்து ஒரு முதியவர் வந்தார். "இந்தியாவா?" என்றார். மலேசியா என்றேன். தூணைக் காட்டினார், என்னைக் காட்டினார், இரண்டு சுட்டுவிரல்களையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டினார். பிறகு போய்விட்டார்.

மார்ச் 15

இன்று எழுத ஒன்றும் இல்லை, மழை. மதியம் ஒரு மணிக்கு மருந்துக் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் மடக்குக் கட்டில் போட்டு ஒருவர் தூங்குகிறார், பக்கத்தில் இன்னொருவர் மேசைமேல் தலை வைத்து. எழுப்ப மனம் வரவில்லை. இரண்டரைக்கு மறுபடி போனேன்.

மார்ச் 16

வெந்நீர் விஷயத்துக்கு வருகிறேன், கேள்வி கேட்டவர் மறக்கவில்லை என்று தெரிகிறது.

ஆ மா வீட்டிலும் எப்போதும் 'குன் சுயி'தான், காய்ச்சிய தண்ணீர். பூப்போட்ட ஃபிளாஸ்கில் இருக்கும். வெயிலில் ஓடி வந்து குழாய்த் தண்ணீரைக் குடித்தால் முதுகில் ஒன்று வைப்பார். அதை அவருடைய தனிப்பட்ட பிடிவாதம் என்றே நினைத்திருந்தேன். இங்கே ரயில் நிலையத்தில், மருத்துவமனை வாசலில், ரயில் பெட்டிக்குள் என எங்கும் வெந்நீர்க் குழாய். ஆளுக்கொரு குடுவை. குளிர்ந்த நீர் வயிற்றைக் கெடுக்கும் என்று அவர்கள் வைத்தியம் சொல்கிறது, குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கவும் கூடாது. உங்களுக்கு வெந்நீர் தந்தவர் உங்களை மதித்துத்தான் தந்திருக்கிறார்.

தேநீரும் அப்படியே. ஒரு தேயிலைக் கடையில் ஊதுபத்தி வாங்க வழி கேட்டோம், உட்கார வைத்துவிட்டார்கள். இங்கே பக்கத்து அன்ஷியில் விளையும் தியெகுவான்யின் என்ற தேயிலை. கட்டைவிரல் உயரக் கிண்ணம். முதல் தண்ணீரைக் கொட்டிக் கிண்ணங்களைக் கழுவினார், இரண்டாவதிலிருந்து தந்தார். ஒவ்வொரு முறையும் நான் நன்றி சொன்னேன். நாலாவது நன்றிக்குக் கடைக்காரர், "இத்தனை நன்றி சொன்னால் எப்படி, வேற்றாள் மாதிரி" என்றார். ஊற்றும்போது இரண்டு விரலால் மேசையைத் தட்டினால் போதும் என்று காட்டினார். வீட்டில் நாம் அம்மாவுக்கு ஒவ்வொரு தோசைக்கும் நன்றி சொல்கிறோமா என்ன?

அவர் ஊற்றும்போது 'தே' என்றார். நம் தேயிலையில் இருக்கும் 'தே' இந்தக் கடற்கரைப் பேச்சிலிருந்து கிளம்பியதுதான். டச்சுக்காரர்கள் கப்பலில் கொண்டுபோனது ஐரோப்பாவுக்குப் போய் 'டீ' ஆயிற்று. தரைவழி போனது 'சா' ஆகி, அதுவே சாயா ஆயிற்று. சொல்லைக் கொடுத்தவர்கள் முன்னால் உட்கார்ந்து தேயிலை என்று தமிழில் சொல்லிக் காட்டினேன். 'தே' மட்டும் பிடித்துக்கொண்டு எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள்.

மார்ச் 17

ஷுன்பு கிராமம். சிப்பி ஓடுகளை அடுக்கிச் சுவர் கட்டிய வீடுகள். கப்பலில் பாரத்துக்கு ஏற்றி வந்த ஓடுகள் என்று ஊரில் சொல்கிறார்கள். இங்கத்துப் பெண்கள் கொண்டையைச் சுற்றி வளையம் வளையமாகப் பூ வைப்பார்கள். இப்போது சீனா முழுக்க இருந்து இளம்பெண்கள் அந்தப் பூ வைத்துப் படம் எடுக்க வருகிறார்கள், தெருவில் பாதித் தலை பூவாக நடக்கிறது. பெரும்பாலும் துணிப்பூ, பிளாஸ்டிக் பூ.

எனக்கு நிஜப் பூ வேண்டும் என்றேன். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா முக்காலியில் உட்கார வைத்தார். என் முடியை இறுக்கி முறுக்கினார், கண்ணோரம் இழுத்தது. ஒரு குச்சியைச் செருகினார். அப்புறம் மல்லிகை மொட்டுகளை ஊசியில் கோத்த வளையம். கோத்த விதத்தைப் பார்த்தேன்: நாம் காம்பைக் கட்டுவோம், அவர் காம்பிலேயே ஊசியைக் குத்திக் கோத்திருந்தார். மொட்டெல்லாம் வெளியே பார்த்தபடி. எந்த ஊர்க்காரி, என்ன வயது, வீட்டுக்காரர் என்ன வேலை, எவ்வளவு சம்பளம், மகளுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் கேட்டுவிட்டார். மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, என் பெரியம்மாவும் இதே வரிசையில்தான் கேட்பார்.

இந்தப் பிறவியில் பூ வைத்தால் அடுத்த பிறவியில் அழகாக இருப்பாய் என்று இங்கே ஒரு சொல் உண்டாம். நாங்கள் தினமும் வைப்போம் என்றேன். அதற்கு அவர் என் தலையைத் திருப்பி, மகளிடம், "அப்போ நீ ஏன் வைக்கவில்லை?" என்றார்.

மார்ச் 18

இன்று கருணைத் தெய்வமான குவான்யின் பிறந்த நாள், சீனக் கணக்கில் இரண்டாம் மாதம் 19. கோயிலுக்குள் நுழைய முடியவில்லை. நெருக்கித் தள்ளினார்கள், நானும் தள்ளினேன், யாரும் கோபிக்கவில்லை. பழனித் தைப்பூசக் கூட்டத்தில் நின்றவர்களுக்கு இது புரியும்.

சாயங்காலம் துமென் தெருவில் குவான்டி என்ற போர்த் தெய்வத்தின் கோயில். அதற்குப் பக்கத்திலேயே 1009-இல் கட்டிய கல் பள்ளிவாசல். கோயிலில் பிறை வடிவக் கட்டைகள் இரண்டைக் கீழே போட்டு உத்தரவு கேட்கிறார்கள். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சம்மதம். ஆ மாவும் இப்படிக் கேட்பார், எங்கள் தேர்வு முடிவையெல்லாம். நான் ஒன்று கேட்டேன். இரண்டும் மல்லாந்து விழுந்தன. பக்கத்தில் நின்ற பெண், சாமி சிரிக்கிறது, கேள்வியைச் சரியாகக் கேள் என்றாள்.

மார்ச் 20, கிளம்பும் நாள்

ஒரு விஷயத்தில் மனம் மாறவில்லை: புகை. புகைக்கக் கூடாது என்ற பலகைக்குக் கீழேயே நின்று ஊதுகிறார்கள், உணவுக் கடைக்குள்ளும். இதற்கு ஆ மாவைக் காரணம் காட்டி நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

ஏப்ரல் 2, பினாங்கு

வீடு திரும்பிப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. இன்னொரு திருத்தம் பாக்கி.

பினாங்கு ஹொக்கியனில் மலாய்ச் சொற்கள் நிறைய. கல்லுக்கு 'பத்து' என்போம். சுவான்சோவில் அதைச் சொன்னபோது யாருக்கும் புரியவில்லை, எதிர்பார்த்ததுதான். அதனால் சவர்க்காரம் வாங்கப் போனபோது 'சபுன்' என்று வந்த வாயை அடக்கிக்கொண்டு படத்தைக் காட்டினேன். கடைக்கார அம்மா, "சாப்புன்" என்று எடுத்துத் தந்தார். அதைப் பெரிதாக நினைக்கவில்லை, அதனால் அப்போது எழுதவும் இல்லை.

கடைசி நாள் அதே தேயிலைக் கடைக்குப் போயிருந்தோம். கடைக்காரரின் அப்பா எழுந்து நிற்கப் பார்த்தார். எண்பதுக்கு மேல் வயது, சுவான்சோவை விட்டு வெளியே போனதே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேரனிடம், "என் தோங்காட்டை எடு" என்றார். மூலையிலிருந்து கைத்தடி வந்தது. தோங்காட் மலாய்ச் சொல். ஆ மா தன் கைத்தடியை அப்படித்தான் சொல்வார், பினாங்குக்கு வந்து கற்றுக்கொண்ட சொல் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். தென்கடலுக்கு, அதாவது எங்கள் மலாயாப் பக்கம், போய்ச் சம்பாதித்துத் திரும்பியவர்கள் அதை எப்போதோ இங்கே கொண்டுவந்துவிட்டிருக்கிறார்கள். ஆ மா கல்யாணமாகிக் கப்பலேறும் முன்பே அந்தச் சொல் அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

நேற்று அவர் மகளைப் பார்க்கப் போனேன். கதவுக்குப் பின்னால் அந்தத் தோங்காட் இன்னும் சாத்தி வைத்திருக்கிறது. பிடியில் சுற்றிய சிவப்புத் துணிகூட அப்படியே இருக்கிறது. அன்ஷித் தேயிலை ஒரு பொட்டலம் கொடுத்தேன். அக்கா தண்ணீர் கொதிக்க வைத்தார். ஊற்றும்போது நான் இரண்டு விரலால் மேசையைத் தட்டினேன். அவர் கையை நிறுத்தி, "இதை அம்மா உனக்குச் சொல்லித் தரவே இல்லையே" என்றார்.